சனியை நேராகப் பார்த்தவள்

புதிதாக வண்டியில் ஏறியிருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

தொலைநோக்கியை எப்படி நிறுத்துவது, லென்ஸை எப்படித் துடைப்பது, மேகம் வந்துவிட்டால் பிள்ளைகளை என்ன சொல்லிச் சமாளிப்பது, இதெல்லாம் உங்களுக்குக் கொடுத்திருக்கும் கையேட்டில் இருக்கிறது. அதில் பாதியை எழுதியவள் நான்தான். படித்துக்கொள்ளுங்கள். இப்போது நான் சொல்லப்போவது கையேட்டில் எழுதாமல் விட்டது. எழுதியிருந்தால் என் மானம் போயிருக்கும். ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிவிட்டது, இனி மானம் போனாலும் பரவாயில்லை.

இருபத்தாறு வருடம் இந்த நடமாடும் அறிவியல் வண்டியில் பள்ளி பள்ளியாகச் சுற்றினேன். நிலாவைக் காட்டுவது சுலபம். எந்தப் பிள்ளையும் வாயைப் பிளக்கும். வியாழனைச் சுற்றி நான்கு துணைக்கோள்கள் வரிசையில் நிற்பதைக் காட்டினால் ஒரு கூச்சல் எழும். ஆனால் வளையத்தோடு நிற்கும் சனியைக் காட்டும்போது கூச்சலே வராது. பார்த்த பிள்ளை கண்ணை எடுத்து, தொலைநோக்கியின் முன்பக்கம் போய், யாராவது படம் ஒட்டி வைத்திருக்கிறார்களா என்று தடவிப் பார்க்கும். அந்தத் தடவலைப் பார்ப்பதற்காகத்தான் நான் இந்த வேலையில் இருந்தேன் என்று சொன்னால் மிகையில்லை.

அதனால் பெரிய காஞ்சிபுரத்தில், நெசவாளர் தெரு ஒன்றில் இருக்கும் ஒரு நடுநிலைப் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தபோது, நான் சனியைத்தான் காட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். தை மாதம். மழை விட்டு வானம் கழுவிவிட்டாற்போல இருந்தது. பொழுது சாய்ந்ததும் மேற்கில் சனி தெரியும். ஏழே முக்கால் மணிக்குள் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இறங்கிவிடும். அதற்குள் நாற்பது பிள்ளைகள் பார்த்தாக வேண்டும்.

ஒரு புதன்கிழமை. பகலில் திருப்புட்குழியில் ஒரு பள்ளியில் நிகழ்ச்சியை முடித்துவிட்டு நேராக வந்தோம். வண்டி ஓட்டியவர் பாஷா பாய். எனக்கு முன்பிருந்தே வண்டியில் இருப்பவர், அதிகம் பேசமாட்டார். பள்ளியின் மொட்டை மாடியில் தொலைநோக்கியை நிறுத்தி, சனியை நடுவில் கொண்டுவந்து, ஒருமுறை நானே பார்த்து மகிழ்ந்துவிட்டு, முதல் பிள்ளையைக் கூப்பிட்டேன்.

அந்தப் பையன் வந்தான். தலையை ஒருக்களித்து, கண்ணைக் கண்ணாடிக்கு ஓரமாக வைத்தான். "பாத்துட்டேன் மிஸ்!" என்று ஓடினான். அடுத்தவளும் அதேபோல ஒருக்களித்தாள், "சூப்பர் மிஸ்!" என்று ஓடினாள். மூன்றாவது பிள்ளை இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு குனிந்ததை நானே பார்த்தேன். நாலாவது பிள்ளை, "ஒண்ணுமே தெரியல மிஸ்" என்றது.

அவ்வளவுதான், எனக்குப் பதற்றம் வந்துவிட்டது. குழாய் சாய்ந்திருக்கிறது, அதனால்தான் பிள்ளைகள் கோணிக்கொண்டு பார்க்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். குனிந்து பார்த்தால் சனி நட்டநடுவில் நிற்கிறது. நிமிர்ந்தால் அடுத்த பிள்ளையும் கோணுகிறது. திருகாணியை இந்தப் பக்கம் திருப்பி, அந்தப் பக்கம் திருப்பி, நன்றாக இருந்ததையும் கெடுத்து, மறுபடி சரிசெய்து, நேரம் போய்க்கொண்டே இருந்தது. கோபத்தை யார்மேலாவது கொட்ட வேண்டுமே. படிக்கட்டருகே நின்ற பாஷா பாய் கண்ணில் பட்டார்.

"திருப்புட்குழி ஸ்பீட் பிரேக்கர்ல வண்டியத் தூக்கிப் போட்டீங்களே பாய், இப்பப் பாருங்க! எத்தனை தடவை சொல்லியிருக்கேன், மெதுவா வாங்கன்னு!"

"மெதுவாத்தான் மேடம் வந்தேன்" என்றார் அவர். நாற்பது பிள்ளைகள், இரண்டு ஆசிரியைகள், தலைமை ஆசிரியை எல்லோர் முன்னாலும் நான் அவரைப் பார்த்துக் கத்தினேன். அவர் கீழே இறங்கிப் போய்விட்டார்.

பார்த்தாயா என்று பிள்ளைகளைக் கேட்காதீர்கள் என்று கையேட்டில் எழுதியிருக்கிறேன், கவனித்திருப்பீர்கள். கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். நம் மனம் நோகக்கூடாது என்ற நல்லெண்ணம்தான். வரையச் சொல்ல வேண்டும். மறுநாள் காலை வகுப்பில் ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, நேற்று பார்த்ததை வரையுங்கள் என்றேன். வந்து சேர்ந்த படங்களைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் உருண்டையைச் சுற்றி அகலமான, அழகான வளையம். சிலர் வண்ணம்கூடத் தீட்டியிருந்தார்கள். எல்லாம் வகுப்புச் சுவரில் தொங்கும் படத்தைப் பார்த்து வரைந்தவை.

எப்படித் தெரியும் என்கிறீர்களா? சனியின் வளையம் நம் பார்வைக்கு எப்போதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சில வருடங்கள் அகலமாக விரிந்து தெரியும், சில வருடங்கள் பக்கவாட்டில் திரும்பி மெல்லிய கோடாகிவிடும். அந்த வருடம் கோடாக இருந்தது. நேற்று மாடியில் உண்மையாகப் பார்த்த யாரும் அகல வளையத்தை வரைந்திருக்க முடியாது.

ஒரே ஒரு தாளில் மட்டும் சின்ன உருண்டை, அதன் இரண்டு பக்கமும் ஊசிபோல ஒரு கோடு. அடியில் எழுதியிருந்தது: "மடிச்ச புடவைய ஓரத்துல பாத்த மாதிரி இருந்துச்சு." யுவஸ்ரீ, ஏழாம் வகுப்பு.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அந்தத் தாளை உயரத் தூக்கிப் பிடித்தேன். "இத்தனை பேர்ல நேரா, ஒழுங்கா, கண்ணத் தொறந்து பாத்தவ யுவஸ்ரீ ஒருத்திதான்! மத்தவங்க எல்லாம் என்னை ஏமாத்திட்டீங்க. எழுந்து நில்லும்மா யுவஸ்ரீ!"

நடு வரிசையில் ஒல்லியான ஒரு பெண் எழுந்து நின்றாள். முகத்தில் சிரிப்பு வரப் பார்த்தது. கைதட்டல் வரும் என்று நான் காத்திருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்து போனாள். வந்த சிரிப்பை யுவஸ்ரீ பாதியிலேயே நிறுத்திக்கொண்டதை நான் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் புரியவில்லை, இருபத்தைந்து வருட அனுபவசாலிக்கு.

தலைமை ஆசிரியை என்னைத் தன் அறைக்கு அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க மேடம். பசங்க உங்கள ஏமாத்தல. கோயில்ல சனீஸ்வரனுக்கு நேர் எதிர்ல நின்னு கும்பிடுவோமா? பக்கவாட்டுலதான் நிப்போம். அவர் பார்வை நேரா நம்ம மேல விழக்கூடாது. வீட்ல அதையே சொல்லி அனுப்பியிருக்காங்க. ஸ்கூல்ல காட்டினா காட்டட்டும், நீ ஓரமா நின்னு பாத்துட்டு வந்துடுன்னு. பசங்களும் ரெண்டு பேர் சொன்னதையும் கேட்டுட்டாங்க."

நான் பாரிஸிலிருந்தா வந்தேன்? சென்னைக்காரிதான். நவக்கிரகம் சுற்றும்போது என் அம்மா என் தோளைப் பிடித்து ஓரமாக இழுத்தது நன்றாக நினைவிருக்கிறது. இன்றைக்கும் நான் அங்கே நேராக நிற்பதில்லை. என் கால் தானாக விலகிக்கொள்கிறது. கோயிலில் செய்வதையே பிள்ளைகள் மாடியில் செய்தபோது எனக்கு அடையாளம் தெரியாமல் போய்விட்டது. குழாய் சாய்ந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அன்றே ஊர் திரும்பிவிட்டோம். பாஷா பாயிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாலாஜாபாத் வரை நினைத்துக்கொண்டே வந்தேன். அப்புறம் தூங்கிவிட்டேன்.

திங்கட்கிழமை தலைமை ஆசிரியை போன் செய்தார். யுவஸ்ரீ வெள்ளிக்கிழமையிலிருந்து பள்ளிக்கு வரவில்லை. வியாழக்கிழமை மாலை அவள் வீடு போய்ச் சேர்வதற்கு முன்பே, வகுப்பில் நான் சொன்னது தெரு முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது. அவள் அப்பா வீட்டிலேயே தறி வைத்திருக்கும் நெசவாளி. தறியில் இருந்தது ஒரு கல்யாணப் பெண்ணின் முகூர்த்தப் புடவை. யுவஸ்ரீ உள்ளே நுழைந்து, திரும்ப வாங்கி வந்திருந்த படத்தை அப்பாவிடம் காட்டிக்கொண்டிருக்கும்போதே, தறியில் நீளவாக்கில் ஓடும் பாவில் கொத்தாக இழைகள் அறுந்தன. அவள் அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டாராம். மகளுக்குக் கும்ப ராசி, ஜென்மச் சனி நடக்கிறது. போதாக்குறைக்கு நேருக்கு நேராகப் பார்த்துவிட்டு வந்து தறி முன்னால் நின்றிருக்கிறாள்.

(ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த மாலை சனி நின்றது கும்ப ராசியில்தான். பஞ்சாங்கம் சொன்ன இடத்தில்தான் என் தொலைநோக்கியும் நின்றது. அந்த மட்டில் அவர்களுக்கும் எனக்கும் சண்டையே இல்லை.)

"அம்மா போக வேண்டாம்னு சொல்லிட்டாங்களா?" என்று கேட்டேன்.

"அவங்க ரெண்டு நாள் வீட்டுல இருன்னுதான் சொன்னாங்களாம். இப்ப அந்தப் பொண்ணே வரமாட்டேங்குது மேடம். நான் நேர்ல போனேன். 'நான் வந்தா ஸ்கூலுக்கும் ஏதாவது ஆயிடும் மிஸ்'னு சொல்லுது. சரியா சாப்பிடறதும் இல்ல. தறி இருக்கற ரூம் பக்கமே வராம, பின்னால போய் உக்காந்துக்குது."

நான் வந்தால் ஏதாவது ஆகிவிடும் என்று பன்னிரண்டு வயதுப் பெண் சொல்கிறாள். அதைச் சொல்ல வைத்தது நான். இப்போது எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அலுவலகத்தில் இரண்டு யோசனைகள் வந்தன. மேலதிகாரி, "விட்டுடுங்க. அடுத்த தடவ அந்தத் தெருவுல நிலாவ மட்டும் காட்டிட்டு வந்துடுங்க. எதுக்கு வம்பு?" என்றார். உங்களைப் போல அப்போது புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பையன், "நேர்ல போய் அவங்க வீட்லயே பேசி ஒரு வீடியோ எடுத்துடலாம் மேடம், மூடநம்பிக்கை பத்தி. பிச்சுக்கிட்டுப் போகும்" என்றான். முதலாவது சோம்பேறித்தனம், இரண்டாவது கொழுப்பு என்று இப்போது சொல்வேன். அப்போது இரண்டுமே எனக்கு ஆசையாகத்தான் இருந்தன. முக்கியமாக இரண்டாவது.

செவ்வாய்க்கிழமை நான் மட்டும் போனேன். அதாவது, நானும் பாஷா பாயும். வழியில் அவர் வழக்கம்போல ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

வீடு குறுகலானது. முன்கூடத்தில் பாதியைத் தறி அடைத்திருந்தது. அவள் அப்பா தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்து, அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக எடுத்து முடிந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். அம்மா நாற்காலி போட்டு, சொம்பில் தண்ணீர் கொடுத்தார். கோபமாக இருப்பார் என்று எதிர்பார்த்து வந்தவளுக்கு அந்த மரியாதை இன்னும் சங்கடமாக இருந்தது. பெண்ணைக் காணவில்லை. சமையலறைக் கதவுக்குப் பின்னால் பாவாடை நுனி மட்டும் தெரிந்தது. பாஷா பாய் வாசல்படியிலேயே நின்றார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பாடம் நடத்தினேன். சனி ஒரு வாயுக்கோள், நிற்பதற்குத் தரைகூடக் கிடையாது, வளையம் வெறும் பனிக்கட்டியும் கல்லும், எத்தனையோ கோடி மைல்களுக்கு அப்பால் இருக்கிறது, அங்கிருந்து உங்கள் வீட்டுத் தறியை என்ன செய்ய முடியும், இப்படியே போனேன். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார். முடித்ததும் சொன்னார்:

"நீங்க படிச்சவங்க, சொல்றது சரியாத்தான் இருக்கும் மேடம். ஆனா ஒண்ணு. அம்மாந்தூரத்துல இருக்கறது இங்க இருக்கற எம்பொண்ணு கண்ணுக்குத் தெரியுது இல்ல? அப்ப அங்க இருந்து பாத்தா எம்பொண்ணு தெரியமாட்டாளா?"

கண்ணாடியை எடுத்துத் துடைத்தேன். அவர் தொடர்ந்தார்:

"மத்த பசங்க எல்லாம் ஓரமா நின்னாங்க. நேரா பாத்தவ இவ ஒருத்திதான்னு நீங்கதானே மேடம் அத்தினி பேர் எதிர்ல சொன்னீங்க? தெருவுல எல்லாரும் கேட்டுக்கினு போறாங்க. நான் இன்னா சொல்றது?"

வாசலில் பாஷா பாய் லேசாக இருமினார். சும்மா இருமினார், அவ்வளவுதான், அதற்கு வேறு அர்த்தம் கற்பிக்க வேண்டாம். ஆனால் நான் திரும்பி அவரைப் பார்த்தேன். வயதானவர், வெயிலில், செருப்பைக் கழற்றிப் படிக்குக் கீழே ஓரமாக வைத்துவிட்டு நிற்கிறார். அத்தனை பேர் முன்னால் அவரைத் திட்டியது நினைவுக்கு வந்தது. அதற்கடுத்த நாள் அத்தனை பேர் முன்னால் இந்தப் பெண்ணைப் புகழ்ந்ததும் நினைவுக்கு வந்தது. இரண்டும் ஒரே தப்பு என்பது அப்போதுதான் உறைத்தது. எதற்கு என்ன காரணம் என்று பார்க்காமலே ஆளைப் பிடித்து எழுப்பி நிறுத்தியிருக்கிறேன்.

"அம்மா, நான் பேச வந்தது இதில்ல" என்றேன். "தப்பு என் மேல. அன்னிக்குப் பசங்க ஓரமா நின்னு பாத்ததும், தொலைநோக்கிதான் கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன். ஏன் அப்படி நிக்கறாங்கன்னு ஒரு பிள்ளையைக்கூடக் கேக்கல. இவர் வண்டியைத் தூக்கிப் போட்டுட்டார்னு இவரைப் பிடிச்சுக் கத்தினேன். இவர் ஒண்ணுமே பண்ணல. பாய், எல்லார் எதிர்லயும் அப்படிப் பேசினது தப்பு. அன்னிக்கே சொல்லியிருக்கணும், வாய் வரல. மன்னிச்சுடுங்க."

"ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்ல மேடம்" என்றார் பாஷா பாய், தரையைப் பார்த்துக்கொண்டு.

"உங்க பொண்ணையும் அப்படித்தான் பண்ணிட்டேன். வீட்ல என்ன சொல்லி அனுப்பினாங்கன்னு தெரிஞ்சுக்காம அவளை மட்டும் எழுப்பி நிறுத்தினேன். ஒருத்தருக்கும் சொல்லாம என்கிட்ட மட்டும் படத்தைக் கொடுத்த பொண்ணு அவ. நான்தான் ஊருக்கே சொன்னேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

தறியில் முடிந்துகொண்டிருந்த கை நின்றது. அவள் அப்பா குழியிலிருந்து மெதுவாக எழுந்தார். மேலே செருகி வைத்திருந்த ஒரு நாடாவை எடுத்தார். பாவுக்குள் ஊடை நூலைக் கொண்டு போகுமே, அந்தப் படகு போன்ற கட்டை. அதைக் கொண்டுவந்து மனைவியிடம் நீட்டினார்.

"முனையத் தொட்டுப் பாரு" என்றார்.

"இன்னாது?"

"தொட்டுப் பாருன்றேன். சிலும்பி இருக்குது. போன வாரம் திங்கக்கிழமை கைதவறிக் கீழ போட்டுட்டேன். தடவிப் பாத்துட்டு, சரியாத்தான் இருக்குதுன்னு ஓட்டிட்டேன். புதன்கிழமை காலையிலயே ரெண்டு இழை போச்சு. முடிஞ்சு போட்டுட்டு மறுபடி ஓட்டினேன். பாப்பா அன்னிக்கு சாயங்காலம்தான் மாடி ஏறிப் பாத்தா."

அந்த அம்மா நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். "உனக்கு எப்போ தெரியும்?"

"அறுந்த அன்னிக்கு ராத்திரியே பாத்துட்டேன்."

"ஏன் சொல்லல?"

"முகூர்த்தப் புடவை. முதலாளி கேட்டா என் கவனக்குறைவுன்னு எப்படி சொல்றதுன்னு கெடந்தேன். நீ சனின்னு சொன்னே. நானும் அப்படியே இருந்துட்டுப் போவட்டும்னு விட்டுட்டேன்."

"அஞ்சு நாளா புள்ள சோறு திங்காம கெடக்குது. நீ பாத்துக்கினு உக்காந்திருந்தியா? நானும் அவள வாய்க்கு வந்தபடி பேசினேனே, அதையும் கேட்டுக்கினு இருந்தியா?"

அவர் தலை குனிந்தார். பெரிய மனிதர், கண்ணெல்லாம் நிறைந்து நின்றது. எனக்கு அவர்மேல் கோபம் வர வேண்டும். வரவில்லை. ஒரு ஸ்பீட் பிரேக்கரின் மேல் பழியைப் போட்டவள் நான். அவருக்குக் கிடைத்தது வானத்தில் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சமையலறைக் கதவு திறந்தது. யுவஸ்ரீ வந்தாள். ஐந்து நாளாக எட்டிப் பார்க்காத அந்தத் தறிக்கு முன்னால் நேராக வந்து நின்றாள். அம்மாவின் கையிலிருந்து நாடாவை வாங்கி, வாசல் வெளிச்சத்தில் பிடித்து, முனையை விரலால் தடவினாள். சுண்டுவிரல் நகத்தை அதன்மேல் இழுத்துப் பார்த்தாள். நகம் மாட்டியது.

"இதுதானாப்பா?"

"இதுதான் கண்ணு. உன்னால ஒண்ணுமில்ல."

அப்போதுதான் அழுதாள். அதுவரை அழவே இல்லையாம், அம்மா பிறகு சொன்னார். அம்மா அவளைப் பிடித்துக் கட்டிக்கொள்ள, அப்பா பக்கத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் அவள் ஜடையைப் பிடித்துக்கொண்டு நிற்க, நானும் பாஷா பாயும் வெளியே வந்து வண்டியில் ஏறினோம். எனக்கும் அழுகை வந்தது, மறைப்பானேன். பாய் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

மறுநாளே யுவஸ்ரீ பள்ளிக்கு வந்துவிட்டாள். அப்பா இரண்டு நாள் உட்கார்ந்து இழைகளை முடிந்து, முகூர்த்தத்துக்கு முன்பே புடவையை இறக்கிவிட்டார். முதலாளியிடம் நடந்ததைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

ஆனால் ஒரு வேலை மீதி இருந்தது. நாற்பது பிள்ளைகளில் ஒருத்திதான் சனியைப் பார்த்திருந்தாள். தலைமை ஆசிரியை சனிக்கிழமைதான் முடியும் என்றார், சொல்லிவிட்டு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். சரி என்றேன். இந்த முறை பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்: "ஓரமா நிக்கணும்னா நில்லுங்க. பாக்க வேண்டாம்னா வேண்டாம். நான் கோவிச்சுக்கமாட்டேன். பாக்காம பாத்தேன்னு மட்டும் சொல்லாதீங்க."

முதலில் போனவள் யுவஸ்ரீ. நான் சொல்லவில்லை, அவளே போனாள். அவள் கண்ணை வைத்த நேரத்தில் படிக்கட்டில் அவள் அம்மா ஏறி வந்தார். கோயிலில் எள் விளக்கு ஏற்றிவிட்டு நேராக வந்திருந்தார், கையில் நல்லெண்ணெய் வாசம். என்னைப் பார்த்ததும், "பரிகாரம் பரிகாரம்தான் மேடம், அத்த நான் விடமாட்டேன்" என்றார். "விடாதீங்கம்மா" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அவர் தொலைநோக்கிக்கு எதிரில் வரவில்லை. கோயிலில் நிற்பதுபோல ஒரு பக்கமாக, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றார். மகளைப் பார்த்தார், மேற்கே அந்த மங்கலான ஒற்றைப் புள்ளியைப் பார்த்தார், சட்டென்று கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"யுவா."

"இன்னாம்மா?"

"தெரியுதா?"

"தெரியுதும்மா. கோடும் தெரியுது."

பிறகு, பிள்ளைகளுக்குக் கேட்காத அளவுக்குக் குரலைத் தணித்து, அன்று என்னிடம் கேட்டதையே மகளிடம் கேட்டார்.

"நம்மளப் பாக்குதாடி?"

குரலைத் தணித்தும் எல்லோருக்கும் கேட்டுவிட்டது. யுவஸ்ரீ கண்ணை எடுக்காமல், மூச்சுக்கூட விடாமல், வெகு நேரம் பார்த்தாள். சனி நகர்ந்துகொண்டே போவதால் அவளும் கூடவே தலையை நகர்த்திக்கொண்டிருந்தாள். அவள் நன்றாகப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும் என்று நான் திருகாணியைத் தொடவில்லை.

"இல்லம்மா" என்றாள் கடைசியில். "நான் எம்மா நேரமா பாத்துக்கினு இருக்கறேன். அது யாரையும் பாக்கல. அது பாட்டுக்கு இருக்குது."

இருபத்தாறு வருடத்தில் சனியைப் பற்றி அதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. யுவஸ்ரீ விலகியதும் அடுத்த பையன் வந்தான். தயங்கினான். பிறகு நேராக நின்று, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை வைத்தான். அப்புறம் தொலைநோக்கியின் முன்பக்கம் போய்த் தடவிப் பார்த்தான்.

அன்று எல்லாப் பிள்ளைகளும் பார்த்தார்கள் என்று சொல்லமாட்டேன். ஏழு பேர் பார்க்கவில்லை, பார்க்கவில்லை என்றே சொல்லிவிட்டுப் போனார்கள். ஏழரை மணி தாண்டி, சனி தண்ணீர்த் தொட்டியைத் தொட இன்னும் கொஞ்ச நேரமே இருந்தபோது நான் திரும்பிப் பார்த்தேன். வரிசையில் கடைசியாக பாஷா பாய் நின்றுகொண்டிருந்தார். இத்தனை வருடம் இந்தத் தொலைநோக்கியை ஊர் ஊராக ஏற்றி இறக்கியவரை, ஒரு தடவை வந்து பாருங்கள் என்று நான் கூப்பிட்டதே இல்லை. அவருக்கும் பின்னால், செருப்பைக் கழற்றிவிட்டு, யுவஸ்ரீயின் அம்மா வந்து நின்றார்.